முதலில் தராசு, பிறகு எந்திரம்

தேசிய மாணவர் படையில் சேர்ந்து ஒரு முறையேனும் சுடுதளத்தில் படுத்துச் சுட்ட நண்பர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். சுட்டு முடித்ததும், சிதறிக் கிடக்கும் காலித் தோட்டாக்களைப் பொறுக்கி, எண்ணி, ஒப்படைக்க வேண்டும். அப்படிப் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு நாளில் முதலாண்டு மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணே, கூடு நல்லாத்தானே இருக்கு? இதுலே மறுபடி மருந்து போட முடியாதா?"

நாம் சுடும் பாயிண்ட் 22 தோட்டாவில் அது நடக்காது. அதன் தீப்பற்றும் மருந்து விளிம்பின் உட்புறத்திலேயே பூசப்பட்டிருக்கிறது; ஊசி அடித்து விளிம்பு நசுங்கியதும் அந்தக் கூட்டின் வாழ்வு முடிந்தது. ஆனால் அடிப்பகுதியின் நடுவில் தனிக் கேப்பு வைத்த பெரிய தோட்டாக்களின் கதை வேறு. பித்தளைக் கூடு, கேப்பு, வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கில் விலை மிகுந்ததும் மீண்டும் பயன்படுவதும் கூடுதான். அமெரிக்காவில் குறி பார்த்துச் சுடும் விளையாட்டினரும் வேட்டைக்காரரும் கூட்டைச் சீர்செய்து, மற்ற மூன்றையும் புதிதாக இட்டு, வீட்டு மேசையிலேயே தோட்டா செய்துகொள்கிறார்கள். அங்கே இது பழைய பழக்கம். ஜான் பார்லோ 1884இல் தொடங்கிய ஐடியல் நிறுவனம் இடுக்கி போன்ற கைக்கருவியை விற்றது. 1958இல் ரிச்சர்ட் லீ, சுத்தியலால் தட்டிச் செய்யும் எளிய கருவி ஒன்றைக் கண்டுபிடித்தார்.

நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இதை யாரும் செய்து பார்க்கும்படி நான் எழுதவில்லை. அந்தப் பொழுதுபோக்கில் புதிதாக இறங்குபவர் எதை முதலில் வாங்கவேண்டும் என்ற கேள்வியில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது; அதற்காகவே எழுதுகிறேன்.

கடைக்குப் போகும் புதியவரின் கண்ணில் முதலில் படுவது அழுத்து எந்திரம். அதில் இரண்டு வகையை அறிந்தால் போதும். ஒன்று, கைப்பிடியை ஒரு முறை இழுத்தால் ஒரு கூட்டில் ஒரு வேலையை மட்டும் செய்வது. மற்றது, ஒரே இழுப்பில் பல கூடுகளில் பல வேலைகளைச் செய்து, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தோட்டாவை முடித்துத் தள்ளுவது. முதலாவதில் ஒரு மணி நேரத்தில் சில பத்துத் தோட்டாக்கள் தேறும். இரண்டாவதில் நூற்றுக்கணக்கில் வரும். யாருக்குத்தான் இரண்டாவது பிடிக்காது?

புதியவர் அதைத் தொடக்கூடாது என்பதே என் கருத்து. வேக எந்திரம் நடுவில் சிக்கிக்கொண்டால், பழகாத கை தட்டைப் பின்னுக்குத் திருப்பும். ஒரு கூட்டில் மருந்து இரட்டிப்பாக விழலாம். இன்னொன்றில் விழாமலே போகலாம். சில கைத்துப்பாக்கித் தோட்டாக்களுக்கு வேண்டிய மருந்து நான்கைந்து கிரெயின்தான். அதே கூட்டில் இரண்டு மடங்கு போட்டாலும் வெளியே வழியாது. அது வெடித்தால் துப்பாக்கி பிளந்து கையும் கண்ணும் போகும். மருந்தே இல்லாவிட்டால், கேப்பின் விசை மட்டும் குண்டைக் குழலின் பாதிவரை தள்ளி நிறுத்திவிடும். அதை அறியாமல் அடுத்த குண்டைச் சுட்டாலும் ஆபத்துதான். பக்கத்தில் நிற்பவர் என்ன பாவம் செய்தார்?

ஒற்றை வேலை எந்திரத்தில் ஐம்பது கூடுகளையும் மரக்கட்டைக் குழிகளில் வரிசையாக நிறுத்தி, மருந்திட்டு, விளக்கை அருகே பிடித்து ஒவ்வொன்றின் வாயையும் பார்த்த பிறகே குண்டு பொருத்துவார்கள். ஒன்றில் மருந்து மேலேறியோ கீழிறங்கியோ இருந்தால் கண்ணுக்குத் தெரியும். அதன் மெதுவே அதன் காவல்.

எந்திரத்துக்கும் முன்னால் வாங்கவேண்டியவை இரண்டு: மருந்தளவுப் பட்டியல்கள் அடங்கிய கைநூல், நல்ல தராசு. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். ஒரு கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம். இவர்கள் தராசில் பார்ப்பது அதிலும் பத்தில் ஒரு பங்கு. நம் வேதியியல் ஆய்வகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தராசின் முன் மூச்சை அடக்கி நின்றவர்களுக்கு அந்த அளவின் அருமை புரியும். எடைக்கல்லைக் கையால் எடுத்து ஆசிரியரிடம் திட்டு வாங்கியவன் நான். இங்கே தவறினால் விடைதான் பிழையாகும்; அங்கே உயிரே போகும். கைநூல் சொல்லும் உச்ச அளவில் தொடங்காமல், தொடக்க அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏறவேண்டும் என்பதும், மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரே வகை மருந்துதான் இருக்கவேண்டும் என்பதும் அங்கே மூத்தவர்கள் சொல்லும் பாடங்கள். கண்ணாடி அணிவதும் வேலை முடிந்ததும் கை கழுவுவதும் அவற்றோடு சேரும்.

"எப்படியும் பின்னால் வேக எந்திரம் வாங்கத்தானே போகிறோம்? இரண்டு செலவு எதற்கு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஒற்றை வேலை எந்திரம் வீணாவதில்லை. வேக எந்திரம் வாங்கிய பின்னும், கவனமாகச் செய்யவேண்டிய சிறு வேலைகளுக்குப் பலர் அதையே நாடுகிறார்கள். மேலும், ஒவ்வொரு படியையும் தனித்தனியே செய்து பழகியவனுக்குத்தான் வேக எந்திரம் எந்தப் படியில் தவறுகிறது என்று தெரியும். படியை அறியாதவன் கையில் வேகம் வந்தால், அவன் செய்வதெல்லாம் தவறுகளை விரைவாகப் பெருக்குவதுதான்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள் நம் பெரியவர்கள். நண்பர்களே, நாம் தோட்டா செய்யப் போவதில்லை. ஆனால் நாளை ஆய்வகத்திலோ, தொழிற்சாலையிலோ, மருந்துக் கடையிலோ, பிறர் உயிர் நம் கை அளவை நம்பியிருக்கும் இடத்தில் நாம் நிற்கப் போகிறோம். அன்று, எது வேகமானது என்று கேட்பதற்கு முன், எது நம் தவறை நமக்குக் காட்டும் என்று கேட்கப் பழகுவோம்.

— மூன்றாம் ஆண்டு இளங்கலை மாணவர், வேதியியல் துறை