அடையாளமும் பெயரும் ஒன்றல்ல

தாராவியில் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளை சதுரங்கம் கற்கும்போது ஒரே பொருளுடைய சொல்லை இரு வேறு காய்களுக்குக் கேட்கிறது. வீட்டில் ‘மந்திரி’ என்றால் மூலைவிட்டமாகச் செல்லும் காய். தெருவில் இந்தியிலும் மராத்தியிலும் ‘வசீர்’ என்றால் அதுவும் மந்திரிதான். ஆனால் அங்கே அது தமிழர் ராணி என்றழைக்கும் காய். தமிழரின் மந்திரி அங்கே ஒட்டகம். இந்தக் குழப்பம் கணினிக்குள் நுழையாமல் தடுத்தது ஒரு நெறிமுறையின் சரியான முடிவு. அதே நெறிமுறை வேறோர் இடத்தில் அந்த முடிவைக் கைவிட்டது. அதைச் சிறு விஷயம் என்று கணினியியல் துறையினர் ஒதுக்குவது பொறுப்பின்மை.

சதுரங்க மென்பொருளில் இரு நிரல்கள் உண்டு. எஞ்சின் நகர்வைக் கணக்கிடுகிறது. இடைமுகம் பலகையை வரைந்து பயனரோடு பேசுகிறது. தொடக்கத்தில் எக்ஸ்போர்டு என்னும் இடைமுகம், மனிதர் தட்டச்சு செய்வதற்கென்று அமைந்த குனு செஸ்ஸின் கட்டளை வரியோடுதான் பேச முயன்றது. 2000 நவம்பரில் ஸ்டெஃபான் மேயர்-காலன், ரூடால்ஃப் ஹூபர் ஆகியோரின் யூசிஐ நெறிமுறை வெளிவந்தது. அதில் ஒரு நகர்வு என்பது புறப்படும் கட்டமும் சேரும் கட்டமும் மட்டுமே. சிப்பாய் உயர்வு பெறும்போது ஓர் எழுத்து கூடுதலாக வரும். அதைப் படிப்பது இடைமுகம், பயனர் அல்லர். ஆகவே எந்தக் காயை எந்த மொழியில் எப்படி அழைப்பது என்பது முழுவதும் இடைமுகத்தின் உரிமை.

எஞ்சினின் அமைப்புகளுக்கு வரும்போது இந்த விவேகம் மறைந்துவிடுகிறது. எஞ்சின் தன் அமைப்புகளை ஒவ்வொன்றாக அறிவிக்கிறது: பெயர், வகை, இயல்பு மதிப்பு, எல்லைகள். சில பெயர்களுக்கு மட்டுமே வரையறை நிலையான பொருள் தருகிறது. மற்றவற்றில் எஞ்சின் அனுப்பும் ஆங்கிலப் பெயரே மதிப்பை மாற்றும் சாவி. திரையில் தோன்றும் சொல்லும் அதுவே. தெரிவுப் பட்டியல்களுக்கும் இதே கதி. ஸ்டாக்ஃபிஷின் ஆட்ட வலுவை 0 முதல் 20 வரை மாற்றும் ‘ஸ்கில் லெவல்’ அந்த நிலையான பட்டியலில் இல்லை. ஈலோ எண்ணால் வலுவைக் குறைக்க வரையறையே ஒரு வழி தந்திருப்பது உண்மை. அதை ஏற்பதும் ஏற்காததும் எஞ்சினை எழுதியவரின் விருப்பம்.

இதற்கு மூன்று சமாதானங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது, ஆங்கிலம் அறியாதவர் இந்த அமைப்புகளைத் தொடுவதில்லை என்பது. பூட்டிய கதவின் முன் நின்று, உள்ளே வர யாருக்கும் விருப்பமில்லை என்று சொல்வதற்கு இது ஒப்பாகும். மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்துகிறது. உலகின் மிக வலிமையான எஞ்சின்களுள் ஒன்றான ஸ்டாக்ஃபிஷ் இலவசமாகக் கிடைக்கும் கட்டற்ற மென்பொருள். விலை தடுக்காத மாணவரை ஒரு சொல் தடுக்கிறது.

இரண்டாவது, இடைமுகமே மொழிபெயர்த்துக்கொள்ளலாம் என்பது. அது முன்பே அறிந்த எஞ்சின்களுக்கு மட்டும் பொருந்தும். புதிய எஞ்சின் புதிய பெயரோடு வந்த அன்றே மொழிபெயர்ப்பு அட்டவணை பயனற்றுப்போகிறது. எந்த எஞ்சினும் எந்த இடைமுகத்தோடும் பேசலாம் என்பதே நெறிமுறையின் வாக்குறுதி. அந்த வாக்குறுதி ஆங்கிலத்துக்கு மட்டும் நிறைவேறுகிறது.

மூன்றாவது, மாற்றினால் பழைய நிரல்கள் உடையும் என்ற அச்சம். அறியாத கட்டளை வந்தால் அதைப் புறக்கணிக்க வேண்டும் என்பது யூசிஐ வரையறையிலேயே உள்ள விதி. ஓர் அமைப்பின் சாவியையும், ஒவ்வொரு மொழியிலும் அதற்குரிய பெயரையும் தனி வரியாக எஞ்சின் அனுப்பினால், விதியைப் பின்பற்றும் பழைய இடைமுகம் அதைக் கடந்து செல்லும்; புதியது பயன்படுத்திக்கொள்ளும்.

எஞ்சினின் வலுவைச் சில புள்ளிகள் உயர்த்தினால் அது ஆய்வு. அந்த எஞ்சின் யாரோடு பேசும் என்பதைத் தீர்மானித்தால் அது வெறும் நிரல் வேலை. இந்தத் தரவரிசையைக் கல்விப்புலம் கேள்வியின்றி ஏற்றிருக்கிறது. தாராவியை ஒட்டிய மாட்டுங்காவில் வீரமாதா ஜிஜாபாய் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அங்கோ வேறெங்கோ, இறுதியாண்டுத் திட்டத்துக்கு இன்னொரு எஞ்சின் எழுத எண்ணும் மாணவர் அதை விடுத்து இந்த ஒரு வரியை வடிவமைக்கட்டும். உலகில் எஞ்சின்களுக்குப் பஞ்சமில்லை.