பார்த்து வரைதல் களவோ?

பார்த்து வரைவதைக் களவென்று பெற்றோர் சிலர் கடிந்துகொள்கின்றனர். எமக்கு அஃது உடன்பாடன்று. பிக்காசோ தம் 16 வயதளவில் மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில், வெலாஸ்கெஸ் தீட்டிய நான்காம் பிலிப்பு மன்னரின் உருவத்தைப் பார்த்தே வரைந்தார். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, 1957இல், அதே வெலாஸ்கெஸின் ‘லாஸ் மெனினாஸ்’ (1656) என்னும் அரண்மனை ஓவியத்தை எடுத்துக்கொண்டு, ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை 44 முறை மாற்றி மாற்றித் தீட்டினார். முதற் படத்தில் கருமை, சாம்பல், வெண்மையன்றி வேறு வண்ணமே இல்லை. ஓவியர் உருவமோ கூரையை முட்டுகின்றது. அன்று பார்த்து வரைந்த கையன்றோ இத்துணைத் துணிவு கொண்டது! மூலத்தில் படுத்திருக்கும் பெருநாய்க்குப் பதிலாகத் தம் வீட்டில் வளர்ந்த ‘லம்ப்’ என்னும் குட்டைக்கால் நாயை நுழைத்துவிட்டார். பார்சிலோனா செல்லும் நம் பிள்ளைகள் அங்குள்ள பிக்காசோ அருங்காட்சியகத்தில் அதனைத் தேடிக் கண்டு சிரிக்கலாம்.