டயர் நம்ம ஊரு, டிரெய்லர் எந்த ஊரு?

போன மாதம் என் தம்பி மகன் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். பதினோரு வருஷமாக அங்கே ஒரு டிரெய்லர் பட்டறையில் வெல்டர். ஹிட்டாச்சி, கிரேன், டிரான்ஸ்பார்மர் மாதிரி கனத்த சாமான்களை ஏற்றிக்கொண்டு போகிற லோபெட் டிரெய்லர் செய்கிற இடம். கயத்தாறில் ஒரு துஷ்டி வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. அவன்தான் காரோட்டினான். கங்கைகொண்டான் சிப்காட்டைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்து டயர் பேக்டரிப் பக்கம் கையைக் காட்டினான்.

“பெரியப்பா, இந்தக் கம்பெனி டயரை நான் அங்க மாட்டியிருக்கேன். இந்தியாவுல செஞ்சதுன்னு போட்டிருக்கும். நம்ம ஊர்லருந்து வருதுன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.”

அன்றிலிருந்து ஒரு கேள்வி மனதில் கிடந்து உறுத்துகிறது. கனரக வண்டிக்கான டயர் நம் ஜில்லாவில் உருள்கிறது. அது மாட்டப்படுகிற டிரெய்லரை நாம் ஏன் செய்யவில்லை?

முதலில் அந்த டயர் கம்பெனியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். தினமும் பஸ்ஸில் அதைத் தாண்டிப் போகிற நம் ஆட்களில் பலருக்கே தெரியாது. அலையன்ஸ் என்பது 1950-ல் இஸ்ரேலில் தொடங்கிய டயர் கம்பெனி. 2007-ல் யோகேஷ் மஹன்சாரியா என்ற இந்தியத் தொழிலதிபர், வார்பர்க் பிங்கஸ் என்கிற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தோடு சேர்ந்து அதை வாங்கினார். கங்கைகொண்டானில் ஆலை போட்டு 2009-ல் உற்பத்தி ஆரம்பித்தது. நாம் ஏடிசி டயர்ஸ் என்று சொல்வோமே, அதுதான். 2013-ல் கேகேஆர் என்ற இன்னொரு முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. 2016-ல் ஜப்பானின் யோகோஹாமா சுமார் 118 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. அதற்குள் குஜராத் தாஹேஜில் ஓர் ஆலை வந்திருந்தது. 2022-ல் விசாகப்பட்டினம் பக்கமும் ஒன்று வந்தது.

கார் டயரும் லாரி டயரும் செய்கிற பெரிய கம்பெனிகள் ஏராளம். இவர்கள் எடுத்துக்கொண்டது வேறு. டிராக்டர், மண் அள்ளும் இயந்திரம், வயலுக்குள் இறங்கும் டிரெய்லர் ஆகியவற்றுக்கான டயர். ஐரோப்பிய விவசாயி அறுவடையை ஏற்றி இழுக்கிற டிரெய்லருக்கு அகலமான, காற்றழுத்தம் குறைந்த டயர் வேண்டும். இல்லாவிட்டால் மண் இறுகிப்போய் அடுத்த பயிர் சுணங்கும். இந்த டயரில் நூற்றுக்கணக்கான அளவுகள் உண்டு. ஒவ்வோர் அளவிலும் கொஞ்சம் கொஞ்சம்தான் விற்கும். மனிதர் கை நிறையப் படவேண்டிய வேலை. பெரிய கம்பெனிக்காரர்களுக்கு இது தொந்தரவு பிடித்த வியாபாரம். அந்தத் தொந்தரவைப் பிடித்துக்கொண்டுதான் இவர்கள் வளர்ந்தார்கள்.

டிரெய்லரும் அதே ஜாதி வியாபாரம்தான் என்று தம்பி மகன் சொல்லுகிறான். ஒரு லட்சம் கார் ஒரே அச்சில் வரும். லோபெட் அப்படி வராது. ஒருவர் 20 டன் ஹிட்டாச்சி ஏற்றக் கேட்பார், இன்னொருவர் காற்றாலை நாசெல் ஏற்றக் கேட்பார். நாசெல் என்றால் காற்றாலை உச்சியில் உட்கார்ந்திருக்கிற பெரிய பெட்டி. தளம் எவ்வளவு தாழ்வு, அச்சு எத்தனை, கழுத்து கழற்றி மாட்டக்கூடியதா என்று ஆளுக்கொரு தேவை. நீளமான இரண்டு இரும்பு உத்தரங்களைத் தகடு வெட்டி அங்கேயே பற்றவைக்கிறார்கள். அதிலும் ஒரு சூட்சுமம். சுமை ஏறாதபோது உத்தரம் நடுவில் லேசாக மேலே வளைந்திருக்க வேண்டுமாம். சுமை ஏறியதும் நேராகும். நேராகவே செய்துவிட்டால் சுமை ஏறியதும் தொங்கிவிடும். இதை அவன் சாப்பிட்டுக்கொண்டே அப்பளத்தை வளைத்துக் காட்டினான். அப்பளம் உடைந்துவிட்டது, அது வேறு விஷயம்.

எனக்கு இந்த வண்டிகளோடு பழைய பரிச்சயம் உண்டு. மின்வாரியத்தில் வயர்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன் நான். தூத்துக்குடிக்குப் பக்கம் முள்ளக்காட்டில் 1986-ல் வாரியம் காற்றாலை நிறுத்தியபோது ஒரு இயந்திரம் 55 கிலோவாட். இறக்கை எட்டு மீட்டருக்கும் குறைவு, சாதாரண லாரியில் வந்துவிடும். பின்னால் கயத்தாறு, முப்பந்தல், பணகுடி என்று பரவப் பரவ இறக்கையும் நீண்டது. வண்டி வருகிறது என்று தகவல் வந்தால் நாங்கள் லைனை ஆஃப் செய்துவிட்டு, மூங்கில் கழியால் வயரைத் தூக்கிப் பிடித்து வழிவிடுவோம். இன்று சுஸ்லான் எஸ்144 என்று ஒரு மாடல். 3 மெகாவாட், சுழலும் வட்டத்தின் விட்டம் 144 மீட்டர். ஒரு இறக்கையே சுமார் 70 மீட்டர். அதை இழுத்துவரும் டிரெய்லர் நீட்டினால் நீளும், பின் சக்கரமும் தனியாகத் திரும்பும். வளைவுகளில் அது திரும்புகிற அழகைப் பார்க்க நான் இன்றைக்கும் வெயிலில் நிற்பேன்.

இத்தனை வருஷமாக இத்தனை வண்டி நம் சாலையில் போகிறது. தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் காற்றாலை இறக்கைகள் வெளிநாட்டுக்குக் கப்பலேறுகின்றன. கங்கைகொண்டானில் டயர் இருக்கிறது, டாடாவின் சோலார் ஆலையும் வந்துவிட்டது. வெல்டருக்குப் பஞ்சமா? எங்கள் முக்கூடலிலும் பாப்பாக்குடியிலும் வளைகுடாவில் வெல்டராக இருக்கிற ஆள் இல்லாத தெரு குறைவு. ஆனால் நான் வழிவிட்ட டிரெய்லர்களில் நம் ஜில்லாவில் செய்த ஒன்றைக்கூட என் சர்வீஸில் பார்த்ததில்லை.

“நம்ம ஊர்ல அதுக்கெல்லாம் வசதி கிடையாது” என்பது சுலபமான பதில். நாமக்கல்லைப் பாருங்கள். துறைமுகம் கிடையாது, காற்றாலை கிடையாது, வறண்ட சீமை. லாரி பாடி கட்டினார்கள், டேங்கர் கட்டினார்கள். பக்கத்துத் திருச்செங்கோட்டுக்காரர்கள் போர் போடுகிற ரிக் வண்டி செய்து ஆப்பிரிக்கா வரைக்கும் அனுப்புகிறார்கள். அவர்கள் வசதி வந்த பிறகு தொடங்கியவர்கள் அல்ல. லாரி ஓட்டியவர்கள், அதைப் பழுது பார்த்தார்கள், பழுது பார்த்ததைச் செய்ய ஆரம்பித்தார்கள். நமக்கு அந்த நடுப்படி விட்டுப்போயிற்று. நம் ஊர் மூளை வெளியூருக்குப் போய்த்தான் வேலை செய்யும் போலிருக்கிறது. திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1912-ல் பஸ் விட்டது தஞ்சாவூர் – புதுக்கோட்டை ரோட்டில். அவர் வாரிசுகள் 1960-ல் தொடங்கிய வீல்ஸ் இந்தியா லாரிச் சக்கரம் செய்வது சென்னைப் பாடியில்.

டயர் ஆலையே வேலை கொடுக்கிறதே, போதாதா என்று கேட்கலாம். கொடுக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் அதன் வேலையெல்லாம் மதில் சுவருக்குள். எங்கள் ஊரை வெளியூர்க்காரர்கள் தெரிந்துகொண்டதே சொக்கலால் ராம்சேட் பீடியால்தான். பீடி வேலை இலையும் தூளுமாக ஒவ்வொரு வீட்டுத் திண்ணைக்கும் வந்தது. என் அம்மாவும் சுற்றினாள். அந்தத் தூசியைப் பெருமையாகப் பேச நான் தயாரில்லை. ஆனால் ஒரு கம்பெனியின் வேலை வெளியே பரவி எத்தனை அடுப்பை எரியவைத்தது என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். டிரெய்லர் தொழிலும் அப்படி வெளியே பரவும். ஒருவர் உத்தரம் கட்டுவார். அதற்கு லேத் பட்டறை, பட்டை வில், பிரேக் ஹோஸ், வயரிங், பெயிண்ட் என்று சுற்றிலும் பத்துப் பேர் வேண்டும். பீடிச் சுற்று குறைந்துகொண்டே வருகிற இந்த நேரத்தில் நமக்கு வேண்டியது இப்படி மதிலுக்கு வெளியே வருகிற தொழில்.

இதைத் தம்பி மகனிடம் சொன்னேன். “ஏலே, இங்கயே ஒண்ணு போட்டா என்னலே?”

சிரித்தான். “வெல்டிங் தெரியும் பெரியப்பா. பேப்பர் வேலை தெரியாதுல்லா.”

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. முன்பு மாதிரி இரும்பை வாங்கிக் கட்டி ரோட்டில் விட முடியாது. டிரெய்லரின் வடிவமைப்புக்கு அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். அது இல்லாமல் ஆர்டிஓ பதிவு கிடையாது, பதிவு இல்லாவிட்டால் வாங்குகிறவருக்கு பேங்க் கடன் கிடையாது. 2018-ல் மத்திய அரசு அச்சுப் பளுவைக் கூட்டி, இழுவை லாரியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடையின் உச்ச வரம்பை 49 டன்னிலிருந்து 55 டன்னாக்கியது. அந்த எடையில் பிரேக் பிடிக்காத வண்டி என்ன செய்யும் என்று நினைத்தால் ஒப்புதல் தேவையில்லை என்று நானும் சொல்லமாட்டேன். சிவப்பு விளக்குகூட இல்லாமல் ராத்திரி ரோட்டோரம் நிற்கிற டிராக்டர் டிரெய்லரில் போய் மோதி, நான் பார்த்த சாவுகளே போதும். ஒப்புதல் இருக்கட்டும். அதை ஒற்றை வெல்டர் எப்படி வாங்குவான் என்பதுதான் கேள்வி.

என் அபிப்பிராயம் இது. பத்துப் பட்டறைக்காரர்கள் சேர்ந்து ஒரே கம்பெனியாகப் பதிவு செய்யவேண்டும். திருநெல்வேலியில் 1981-லிருந்து அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. மாணவர்களின் கடைசி வருஷ பிராஜெக்ட்டாக ஒரே ஒரு லோபெட், 20 டன் ஹிட்டாச்சி ஏற்றுகிற மாதிரி, வரைந்து கணக்குப் போட்டுத் தரட்டும். ஒரகடத்தில் மத்திய அரசின் வாகனச் சோதனை மையம் இருக்கிறது. அங்கே ஒப்புதல் வாங்கும் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்கட்டும். சிப்காட்டில் நூறு ஏக்கர் ஒதுக்கி வெளியூர் முதலாளிக்காகக் காத்திருப்பதைவிட இதற்குப் பணம் குறைவாகத்தான் ஆகும். முதல் மாடல் ஒன்று ரோட்டில் ஓடிவிட்டால் காற்றாலை டிரெய்லரெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

“நடக்குமா பெரியப்பா? ஆர்டர் எடுத்தாலும் காசு வர மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் கூலி யாரு குடுப்பா?” என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நடைமுறை மூலதனம் என்று பேங்கில் சொல்வார்கள். சொல்வதற்கும் கொடுப்பதற்கும் உள்ள தூரம் உங்களுக்குத் தெரியும்.

அவன் போன வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்தில் விமானம் ஏறிவிட்டான். போகிறபோது ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். பேட்டை தொழிற்பேட்டையில் காலி ஷெட் இருக்கிறதா, வாடகை என்ன, மின்சாரம் எத்தனை கிலோவாட் என்று விசாரித்துச் சொல்லவேண்டுமாம். மின்சாரக் கணக்கு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மற்றதை யாரிடம் கேட்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அம்பை, சேரன்மகாதேவி பக்கம் பட்டறை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள். வருகிற திங்கட்கிழமை எட்டு மணி பஸ்ஸில் பேட்டைக்குப் போகிறேன்.