தூங்கும் கிழங்கைக் குப்பையில் போடாதீர்கள்!



மே மாதம் ஏற்காடு கோடை விழா வந்துவிட்டால் சேலம், நாமக்கல் பக்கத்துப் பெண்களுக்குக் கொண்டாட்டம்தான். மலர்க் கண்காட்சியைப் பார்த்துவிட்டு 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வரும்போது, மடியில் ஒரு செடித் தொட்டியாவது இருக்கும். கலர் கலராய் இலை விட்ட கோலியஸ், ரோஸ் புள்ளி வைத்த கலேடியம் என்று ஆசையாக வாங்கி வருகிறோம். ஒரே மாதத்தில் அது கருகிவிடுகிறது. உடனே, "எனக்குக் கைராசியே இல்லீங்க" என்று நம்மையே நொந்துகொள்கிறோம்.

கைராசியின் மேல் பழி போட வேண்டாம் சகோதரிகளே. ஏற்காடு சுமார் 5,000 அடி உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிர்ச்சியில் வளர்ந்த செடியைக் கொண்டுவந்து, அக்னி நட்சத்திரத்தில் நம் மொட்டை மாடியில் வைத்தால் அது என்ன செய்யும்?

எங்கள் வீட்டுப் பின்கட்டில் வெயில் விழாது. மல்லிகை வைத்தேன், மொட்டே வரவில்லை. அதனால்தான் நிழலில் வளரும் இலைச் செடிகளுக்கு மாறினேன். என் மாமியாருக்கோ அது பிடிக்கவில்லை. "தலைக்கு வைக்கப் பூவும் இல்ல, பொரியலுக்குக் கீரையும் இல்ல. எதுக்கு கண்ணு இந்தத் தண்டச் செலவு?" என்பார்.

கலேடியம் ஐப்பசி வரை அழகாக இருந்தது. கார்த்திகையில் இலைகள் ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன. மார்கழியில் வெறும் தொட்டிதான் மிச்சம். செத்துப் போய்விட்டது என்று மண்ணோடு குப்பையில் கொட்டினேன். அதைப் பார்த்த மாமியார், மண்ணைக் கிளறிக் கிழங்கைக் கையில் எடுத்தார். "இது சேம்பு ஜாதி கண்ணு. சாகல, தூங்குது. தழை காஞ்சு போச்சுன்னு மஞ்சக் கெழங்கை யாராச்சும் வீசுவாங்களா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மஞ்சள் விளையும் ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தோன்றவில்லையே! கிழங்கைக் காய்ந்த மணலில் போட்டு, ஈரம் படாத மூலையில் வைத்தோம். கோடை மழை விழுந்த பிறகு நட்டோம். முளை விட்டு, முன்னைவிட நிறைய இலை வந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒன்று புரிந்தது. இந்தச் செடிகள் வெளிநாட்டு ஜாதியாக இருந்தாலும், இவற்றை வளர்க்கும் வித்தை நம் ஊரிலேயே இருக்கிறது. பரமத்தி வேலூர் கொடிக்காலைப் பாருங்கள். அகத்தியை முதலில் வளர்த்து, அதன் நிழலில்தானே வெற்றிலைக் கொடியை ஏற்றுகிறார்கள்? அதே போல முருங்கை நிழலிலோ, கிழக்குப் பார்த்த திண்ணையிலோ தொட்டிகளை வைத்தால் போதும். காலை வெயில் சற்று படலாம், உச்சி வெயில் கூடாது. குரோட்டன்ஸ் மட்டும் விதிவிலக்கு. முழு நிழலில் வைத்தால் அதன் கலர் மங்கிப் பச்சையாகிவிடும்.

செம்மண், மட்கிய சாணி எரு, நன்றாக அலசிய தென்னை நார்க் கழிவு மூன்றும் கலந்தால் போதும். நாமக்கல்லில் கோழி எருவுக்குப் பஞ்சமில்லை என்று பச்சையாகப் போட்டுவிடாதீர்கள். அதன் சூட்டில் வேர் வெந்துவிடும். நான் பட்ட பாடு இது! நன்றாக மட்கிய பிறகு, ஒரு பிடி போடுங்கள். போர் தண்ணீரில் உப்பு அதிகமாக இருந்தால் இலை நுனி காயும். அரிசி, பருப்பு கழுவிய தண்ணீரை ஊற்றினால் குடத்துத் தண்ணீரும் மிச்சமாகும். தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்கு கொசு அங்கேதான் முட்டையிடும்.

கோலியஸை ஒவ்வொரு முறையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஒரு கொத்தைக் கிள்ளித் தண்ணீர் டம்ளரில் போட்டால், பத்துப் பதினைந்து நாளில் வேர் விட்டுவிடும். பூங்கதிர் வந்தால் கிள்ளிவிடுங்கள், இலை செழிப்பாக இருக்கும். எங்கள் தெருவில் ஒரே தாய்ச் செடியிலிருந்து ஏழு வீட்டுக்குப் போயிருக்கிறது.

இனிச் சொல்வதுதான் முக்கியம். பக்கத்து வீட்டுக் குழந்தை, வெள்ளைப் புள்ளி போட்ட டிபன்பேக்கியா இலையைக் கடித்துவிட்டது. நாக்கும் உதடும் வீங்கி, எச்சில் ஒழுக அலறியது. நல்ல வேளையாக, உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம், பிழைத்தோம். சேனையும் சேம்பும் பச்சையாய்க் கடித்தால் நாக்கு நமநமக்கிறதே, அதே ஊசி போன்ற உப்புத்தான் இதிலும் இருக்கிறதாம். கலேடியத்திலும் உண்டு. செடி விற்றவர் விலையைச் சொன்னாரே தவிர, இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஊறுகாய் பாட்டிலில்கூட என்னென்ன போட்டிருக்கிறது என்று எழுதுகிறார்கள். செடித் தொட்டியில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டினால் என்ன குறைந்துவிடும்? வெயிலா நிழலா, கிழங்கு தூங்குமா, குழந்தை கடித்தால் ஆபத்தா என்ற மூன்று வரி போதுமே! நர்சரிக்காரர்கள் தாங்களாகச் செய்யாவிட்டால், இந்த மூன்றையும் கேட்காமல் காசை எடுக்காதீர்கள். வாங்கி வந்ததும், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இப்போது என் மாமியார்தான் தினமும் தண்ணீர் ஊற்றுகிறார். "பூக்காட்டிப் போவுது, கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குதல்ல" என்கிறார். உங்கள் வீட்டுப் பின்கட்டிலும் வெயில் விழாத ஒரு மூலை இருக்கும். அதை உடைந்த நாற்காலிக்கும் பழைய டப்பாவுக்கும் விட்டு வைக்கலாமா? நீங்களே சொல்லுங்கள் சகோதரிகளே!

— ஒரு வாசகி, ராசிபுரம்.