ஆட்டம் முடிந்தது

பழம் பொருள்களைக் கழிப்பது இலேசான காரியமன்று. வெள்ளையடிக்கும் பொருட்டுச் சென்ற மாதம் திகனவிலுள்ள எமது இல்லத்தின் பின்னறையை ஒழிக்கப் புகுந்த நாம், அரைநாளில் முடிக்கக் கருதிய அவ்வேலையை இரண்டு நாள் இழுத்தடித்தோம். காரணம், கம்பி ஒடிந்த குடைகளுக்கும் பழைய பாடப் புத்தகங்களுக்கும் அடியில் அகப்பட்ட ஓர் அட்டைப்பெட்டி. அதனுள் இருந்தது, தொண்ணூறுகளில் நாமும் எம் தோழரும் ‘ரீவி கேம்’ என்று அழைத்த விளையாட்டுக் கருவி. நிண்டெண்டோ என்னும் ஜப்பானிய நிறுவனம் 1983இல் வெளியிட்ட இயந்திரத்தைப் பார்த்து வேறு யாரோ செய்த மலிவுப் பதிப்பு அது. உடன் ஒரு மஞ்சள் நிறக் கசெட்டும் கிடைத்தது. அதன்மேல் 9999 விளையாட்டுகள் என்று அச்சிட்டிருந்தார்கள். உள்ளே உண்மையில் இருந்தவை பத்துப் பதினைந்துதாம். மிகுதியெல்லாம் அவையே வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வருவன. அவ்வயதில் அந்தப் பொய் எமக்குப் பெரிதாகத் தோன்றியதில்லை.

விடுமுறைக்கு வந்திருந்த எம் தமக்கையாரின் மகன், பத்து வயதுப் பையன், அதை உடனே இயக்கிக் காட்ட வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றான். கசெட்டின் அடியில் வாயால் ‘பூ’ என்று ஊதிவிட்டுச் செருகினோம். இவ்வாறு ஊதுவதால் பயன் யாதுமில்லை என்பதும், எச்சில் ஈரம் பட்டு உலோகத் தகடுகள் கறுத்துப்போகும் என்பதும் எமக்குத் தெரியாதனவல்ல. கழற்றித் திரும்பச் செருகுவதே வேலை செய்கின்றது. புகழ் ஊதலுக்குப் போய்விட்டது. தெரிந்தும் ஊதினோம். கை பழகிவிட்ட வழக்கத்தை அறிவு எளிதில் வெல்வதில்லை.

பையன் சூப்பர் மாரியோவை ஓடவிட்டான். மூன்று உயிர்களையும் கால் மணி நேரத்தில் பள்ளங்களுக்குப் பலி கொடுத்தான். திரை இருண்டு ‘கேம் ஓவர்’ என்ற சொற்கள் தோன்றின. அவன் சற்று நேரம் காத்திருந்தான். பிறகு எம் பக்கம் திரும்பி, “மாமா, இது ஏன் நின்றுபோச்சு? அடுத்தது தானாக வராதா?” என்று கேட்டான்.

கணினிக்கு நிரல் எழுதி வயிறு வளர்ப்பவர் நாம் என்பதை இப்பகுதியின் நேயர்கள் அறிவர். அத்தொழிலைச் சார்ந்தவனிடம் இதைவிட நல்ல கேள்வியை ஒருவர் கேட்டுவிட முடியாது. அன்று அவனுக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தோம். நேயர்களிடம் அவ்வாறு சமாளிக்க மனமில்லை.

அக்கால விளையாட்டுகள் எவ்வளவு சிறியவை என்பதை முதலில் சொல்லவேண்டும். 1985இல் வெளியான சூப்பர் மாரியோ பிரதர்ஸ் என்னும் அந்த ஆட்டம் முழுவதும், அதன் எட்டு உலகங்களும் இசையும் ஆமைகளும் காளான்களும் உட்பட, 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. ஆங்கில எழுத்து ஒன்றை வைக்கும் இடமே ஒரு பைட் எனக் கொண்டால், ஏறக்குறைய நாற்பதாயிரம் எழுத்துக்கு உரிய இடம். எங்கள் குடும்பக் குழுவில் காலைதோறும் பெரியப்பா அனுப்பும் ‘இனிய காலை வணக்கம்’ ரோஜாப்பூப் படம் ஒன்றினுள் இந்த ஆட்டத்தை மூன்று நான்கு தரம் வைத்துக் கட்டிவிடலாம். இடமில்லாமையால் அதைச் செய்தவர்கள் என்ன செய்தார்கள் என்றால், வானத்து மேகத்தையும் தரையிலுள்ள புதரையும் ஒரே சித்திரமாக வரைந்து, மேகத்துக்கு வெள்ளையும் புதருக்குப் பச்சையும் பூசினார்கள். நேயர்களுள் அதனை விளையாடியவர்கள் அடுத்த முறை உற்று நோக்குக. எமக்கு இவ்வுண்மை தெரியவந்த நாளில், முப்பது வயதைக் கடந்திருந்தும், கைகொட்டிச் சிரித்தோம்.

இல்லாமையே அழகாக வாய்த்த இன்னொரு சங்கதியும் உண்டு. 1978இல் தொமொஹிரோ நிஷிகாடோ என்னும் ஜப்பானியர் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற ஆட்டத்தை அமைத்தார். வேற்றுலகப் பகைவர் 55 பேர் வரிசை வரிசையாக இறங்கி வருவர். நாம் கீழிருந்து சுடவேண்டும். அவர்கள் குறையக் குறைய, எஞ்சியோர் விரைவு கூடிக்கொண்டே போகும்; கடைசி ஒருவன் பேய்போல ஓடுவான். இவ்விரைவை முதலில் எவரும் திட்டமிடவில்லை. 55 உருவங்களை வரைவதற்கு அந்தப் பழைய இயந்திரம் திணறியது, உருவங்கள் குறைந்தபோது அதற்கு மூச்சு வந்தது, அவ்வளவே. நிஷிகாடோ அதனைத் திருத்தாமல் விட்டார். நெஞ்சு படபடக்க அவ்வாட்டத்தை ஆடிய உலகம் முழுவதும் அந்தத் திணறலுக்கே காசு கொடுத்தது எனலாம்.

பேக்மேன் என்னும் ஆட்டம் 1980இல் வந்தது. வட்ட வாயன் ஒருவன் புள்ளிகளைத் தின்றுகொண்டு ஓட, நான்கு பேய்கள் அவனைத் துரத்தும். நான்கும் ஒரே விதமாய்த் துரத்துவதில்லை. சிவப்புப் பேய் நேரே பின்தொடரும். இளஞ்சிவப்பு நாம் போகும் திசைக்குச் சற்று முன்னே போய் மறிக்கப் பார்க்கும். செம்மஞ்சள் நிறத்தது அருகில் வந்ததும் கூச்சப்பட்டு விலகிவிடும். இத்தனை குணபேதங்களையும் சில வரிக் கணக்கில் எழுதிவிட்டார்கள். ஆயினும் ஆட்டத்துக்கு முடிவு என ஒன்றை அவர்கள் எழுதவில்லை. முடிவு தானாகவே வந்தது. எத்தனையாவது கட்டம் என்பதை நிரல் ஒரே ஒரு பைட்டில் குறித்து வைத்தது. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரையே எழுதலாம். எனவே 256ஆவது கட்டத்தில் கணக்குப் புரண்டு, திரையின் வலப்பாதி முழுவதும் எழுத்தும் உருவமும் குழம்பிய குப்பையாக மாறும். அப்பால் போக வழியில்லை. டெட்ரிஸ் ஆட்டத்துக்கும் இக்கதியே. மொஸ்கோவில் அலெக்ஸி பஜித்நோவ் 1984இல் ஆக்கிய அவ்வாட்டத்தின் பழைய நிண்டெண்டோ பதிப்பை, 2023 டிசம்பரில் அமெரிக்கச் சிறுவன் ஒருவன், பதின்மூன்றே வயதினன், 157ஆவது கட்டம் வரை ஆடி, இயந்திரத்தையே உறையச் செய்துவிட்டான்.

எம் மருமகனுக்குச் சொல்லாமல் விட்ட விடை இதுதான். அன்றைய இயந்திரங்கள் ஏழைகள். ஏழையின் விருந்து ஒரு பொழுதில் முடிந்துதான் ஆகவேண்டும். இன்றைய கைத்தொலைபேசியோ செல்வச் சீமான். அதன் பந்தியில் இலை எடுப்பாரில்லை. முன்னர் வலைப்பக்கங்களின் அடியில் ‘அடுத்த பக்கம்’ என்றொரு பொத்தான் இருக்கும். அதை அழுத்துமுன் மனிதன் ஒரு கணம் நிற்பான். அடுப்பில் பால் இருப்பது நினைவுக்கு வரும். 2006இல் ஏசா ரஸ்கின் என்னும் நிரலாளர் அப்பொத்தானை எடுத்துவிட்டு, விரலால் தள்ளத் தள்ளப் பக்கம் முடிவின்றி நீளும் முறையை அமைத்தார். மக்களின் சிரமத்தைக் குறைக்கவே அவர் அவ்வாறு செய்தார். பின்னாளில் வெளிப்படையாகவே வருந்தவும் செய்தார். அவரைக் குறைகூற எமக்கு வாயில்லை. ‘பயனாளரின் ஓர் அழுத்தலை மிச்சப்படுத்தினேன்’ என்று பெருமை பேசிய நாள்கள் எமக்கும் உண்டு.

இதனையெல்லாம் வெறும் பொழுதுபோக்கு விவகாரம் என்று கருதியிருப்போம், நாம் வேறோர் ஊரில் வாழ்ந்திருந்தால்.

2018 பெப்ரவரி 22ஆம் திகதி தெல்தெனியப் பகுதியில் நடந்த ஒரு தெருச் சச்சரவில் தாக்கப்பட்ட லொறிச் சாரதி ஒருவர், மார்ச் மாதத் தொடக்கத்தில் மரணமானார். மார்ச் 5ஆம் திகதி திகனவிலும் சுற்றுப்புறங்களிலும் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. எரிந்த வீடொன்றினுள் சிக்கி ஓர் இளைஞர் உயிரிழந்தார். மறுநாள் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. 7ஆம் திகதி முகநூல், வாட்ஸ்அப், வைபர் முதலியவற்றை அரசாங்கம் முடக்கியது.

ஊரடங்குக்குள் வீட்டிலிருந்த எமக்கு, முடக்கத்துக்கு முந்திய அந்த இரண்டு நாளும் மறக்கவியலாதவை. வேறோர் ஆண்டில் வேறோர் இடத்தில் எடுத்தது என்று பார்த்தவுடன் தெரியும் படம் ஒன்று, ஒரே காலையில் ஆறு குழுக்களிலிருந்து வந்தது. அனுப்பியவர்கள் தீயவர்களல்லர், அஞ்சியவர்கள். ஒரு தட்டில் நூறு பேருக்கு அனுப்ப முடிந்ததால் அனுப்பினார்கள். சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்புப் பதிவுகளைக் குறித்து இந்நாட்டுச் சிவில் அமைப்புகள் அதற்கு முன்னரே முறையிட்டிருந்தும் தக்க கவனம் கிட்டவில்லை. பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் இதன்பொருட்டு மன்னிப்புக் கோரியது. சிங்களமும் தமிழும் அறிந்தோரைத் தன் கண்காணிப்புப் பணியில் சேர்த்திருப்பதாகவும் கூறியது. இரண்டு ஆண்டு கழித்து வந்த மன்னிப்பு அது.

எம் பங்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். முடக்கத்தின் மூன்றாம் நாள், ஊரடங்கு தளர்ந்திருந்த வேளையில், அடுத்த ஒழுங்கையிலிருந்து ஒரு தாயார் வந்தார். அவர் மகன் கட்டாரில் வேலை செய்பவன். வீதியே எரிந்துவிட்டதென்று எவரோ சொல்லக் கேட்டு, தாயின் முகத்தைப் பார்க்காமல் உண்ணமாட்டேன் என்கிறானாம். தடையைச் சுற்றிச் செல்லும் செயலி ஒன்றை அவர் தொலைபேசியில் அமைத்துக் கொடுத்தோம். மகன் திரையில் தோன்றியதும் அவர் பேசவில்லை, அழுதார். மாலையில் ஓர் இளைஞன் வந்து அதனையே கேட்டான். எதற்கென்று வினவினோம். “சும்மாதான் அண்ணே” என்றான். அவனுக்கும் செய்துகொடுத்தோம். மறுநாள் மூன்றாவதாக வந்தவரிடம் முடியாது என்றோம். இரண்டாமவனுக்கு ஏன் கொடுத்தோம், மூன்றாமவருக்கு ஏன் மறுத்தோம் என்று கேட்டால் இன்றளவும் எம்மிடம் விடையில்லை. அவ்விளைஞன் அதை வைத்து என்ன செய்தான் என்பதும் தெரியாது.

இந்தியாவில் வதந்திகளால் பலர் அடித்துக் கொல்லப்பட்ட பின்னர், 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் ஒரு செய்தியை ஒரு வேளையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்பவியலாதவாறு அந்நாட்டில் வரையறை செய்தது. 2019இல் அதனை உலகமெங்கும் விரித்தது. 2020 ஏப்பிரலில், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு வேளையில் ஓர் இடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்றாக்கியது. அவ்வகைச் செய்திகளின் ஓட்டம் அதன்பின் 70 வீதம் குறைந்ததாக அந்நிறுவனமே அறிவித்தது. இத்தகைய மாற்றத்தின் நடுவில் இருப்பது ஓர் எண். ஐந்து என்பதை ஒன்று என்று திருத்துவது. மாரியோவுக்கு மூன்று உயிர் என்று எவரோ ஒருவர் எழுதினாரல்லவா, அதுபோல.

எங்கள் ஊருக்கு அண்மையில் 122 மீற்றர் உயரத்தில் விக்டோரியா அணைக்கட்டு நிற்கின்றது. அதன் திறப்பு விழாவும் மாரியோ வெளியான அதே 1985இல்தான் நடந்தது. பழைய தெல்தெனிய நகரம் அதன் நீருக்கடியில் கிடக்கின்றது. மாணவர்களை அங்கே அழைத்துச் செல்வோர் அணையின் உயரத்தையே காட்டுகின்றனர். எமக்கோ அதன் வான்கதவுகளைப் பார்ப்பதில்தான் விருப்பம். நீர் எவ்வளவு வரும் என்று கணக்கிட்டு, அதற்குமேல் வந்தால் என்ன செய்வது என்பதையும் முதலிலேயே கணக்கிட்டவர்கள் கட்டியது அது. எமது தொழிலில் அந்த இரண்டாவது கணக்கைப் பெரும்பாலும் வெள்ளம் வடிந்த பிறகே போடுகிறோம்.

மருமகன் ஒரு வாரம் தங்கினான். இரண்டாம் உலகம் வரை போய்விட்டான். ‘கேம் ஓவர்’ வந்ததும் இப்போது கேள்வி கேட்பதில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீண்டும் தொடங்குகிறான். சென்ற வெள்ளிக்கிழமை மின்சாரம் தடைப்பட்டுத் திரும்பியபோது, கருவியின் மின்மாற்றி புகைந்து உயிர்விட்டது. 9 வோல்ட் மின்மாற்றி, முனை சற்றுத் தடித்தது. கண்டியில் நான்கு கடைகள் ஏறி இறங்கியும் பொருத்தமானது அகப்படவில்லை. நேயர்களுள் எவர் வீட்டுப் பின்னறையிலேனும் இத்தகையது ஒன்று கிடப்பின், பத்திரிகை வாயிலாக எமக்கு அறியத்தருமாறு வேண்டுகிறோம். பையன் அடுத்த விடுமுறைக்கு வருவதாகச் சொல்லிச் சென்றிருக்கின்றான்.