நாலு போர்டு, ஒரே ஆள்

ரெண்டு மூணு வேலை பார்க்கிற ஆட்களுக்கு எல்லாரும் அள்ளி விடுகிற அறிவுரை ஒன்று இருக்கிறது: "ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியா ட்ரெல்லோவுல ஒரு போர்டு போட்டுக்கோ." சுத்தப் பேத்தல். ஏன் என்று சொல்கிறேன், அப்புறம் திட்டுங்கள்.

எங்கள் விடுதியில் ஒரு சீனியர். பகலில் ஆய்வு மாணவர், சாயங்காலம் டியூஷன் சென்டரில் கணக்கு வாத்தியார், ராத்திரி மொழிபெயர்ப்பு, நடுநடுவே ஒரு கடைக்கு வலைத்தளப் பராமரிப்பு. நாலு வேலை, நாலு போர்டு. ஒவ்வொன்றிலும் 'செய்யணும்', 'செய்துகிட்டிருக்கேன்', 'முடிஞ்சது' என்று மூன்று பத்தி. கலர் கலராய் லேபிள் வேறு. எதைத் திறந்தாலும் நடுப்பத்தியில் மூன்றே அட்டைதான். 'மூணு ஆணிதானே, பிடுங்கிடலாம்' என்று தோன்றும். நாலையும் கூட்டினால் 12. அந்த 12 எந்தத் திரையிலும் தெரியாது. மனுஷன் கண்ணுக்குக் கீழே கருவளையமாகத்தான் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் போர்டுகளுக்கெல்லாம் பாட்டனார் டொயோட்டாவின் கான்பான். எடுத்த அளவுக்கே அலமாரியைத் திரும்ப நிரப்புகிற அமெரிக்க சூப்பர் மார்க்கெட் முறையைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தவர் தாய்ச்சி ஓனோ. பாகங்கள் இருக்கும் பெட்டியோடு ஒரு அட்டை. அந்த அட்டை திரும்பி வந்தால்தான் அடுத்த பெட்டிக்குச் செய்யலாம். வரலையா, சும்மா இரு. ஆக, அட்டை வந்ததே 'போதும்' என்று சொல்லத்தான்.

2011-ல் ட்ரெல்லோ வந்தது (2017-ல் அட்லாசியன் அதை 42.5 கோடி டாலருக்கு வாங்கியது). அட்டை இருந்தது, பத்தி இருந்தது, 'போதும்' மட்டும் இல்லை. ஒரு பத்தியில் நூறு அட்டை அடுக்கினாலும் ஏன் என்று கேட்காது. இத்தனைக்கும் அதை உருவாக்கிய நிறுவனத்தின் ஜோயல் ஸ்போல்ஸ்கி, நிரலாளர்களை ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேல் வேலை பார்க்க விடாதீர்கள் என்று 2001-லேயே எழுதியவர்!

கொஞ்சம் கணக்கு. ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த விதி: கையில் இருக்கிற வேலைகளை, வாரத்துக்கு முடிக்கிற வேலைகளால் வகுத்தால், ஒரு வேலை முடிய ஆகும் சராசரி வாரம் கிடைக்கும். சீனியர் வாரத்துக்கு 3 முடிக்கிறார் என்று வையுங்கள். 12-ஐத் தொட்டு வைத்திருந்தால் 4 வாரம். 3-ஐ மட்டும் தொட்டால் 1 வாரம். மீதி ஒன்பதும் காத்திருக்கத்தான் செய்யும். ஆனால் 'செய்துகிட்டிருக்கேன்' என்று பொய் சொல்லாமல் காத்திருக்கும்.

'ஒரு இடத்து விஷயம் இன்னொரு இடத்துக்குத் தெரியக்கூடாதே' என்பீர்கள். நியாயம்தான். அவரவர் குழுவின் போர்டு அவரவரிடம் இருக்கட்டும். உங்களுக்கென்று ஒன்றே ஒன்று, உங்கள் கண்ணுக்கு மட்டும். அட்டைக்கு ஒரு வரி போதும், எந்த வேலை என்பதை லேபிள் நிறம் சொல்லும். நடுப்பத்தியில் ஆளுக்கு மூன்று. வேலைக்கு மூன்று இல்லை, ஆளுக்கு!

எனக்கு எரிச்சல் சோம்பேறிப் பட்டத்தில்தான். பகுதி நேரமாக ஆள் வைத்திருக்கிறவர் யாரும் மொத்தத்தைப் பார்ப்பதில்லை. தன் போர்டை மட்டும் திறந்து, "மூணுதானேப்பா இருக்கு, இன்னுமா முடியல?" என்கிறார். நாலு பேரும் இப்படிக் கேட்க, நம்மாளுக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிடுகிறது. உடனே நேர மேலாண்மை வீடியோ தேடப் போகிறார். என்னத்தைச் சொல்ல!

அடுத்த முறை டியூஷன் சென்டர்க்காரர் புது வேலையை நீட்டினால், 'சரி சார்' சொல்லுமுன் இதைக் கேட்கலாம்: "நடுவுல இருக்கிற உங்க வேலையைத் தள்ளி வெச்சிட்டு இதை எடுக்கட்டுமா, இல்ல இது அடுத்த வாரமா?" ரெண்டும் இந்த வாரமே வேணும் என்றால், சம்பளப் பேச்சை ஆரம்பிக்க வேண்டியதுதான் :-)