திறனற்ற தொழில் உண்டோ?

கல்லூரிப் படிப்பை முடித்து வெளியேறும் இளைஞர்க்குத் தொழிற்களத்தில் வெற்றி தரும் திறங்கள் யாவை என்னும் வினா இந்நாளில் எங்கும் எழுகின்றது. ஆங்கிலப் பேச்சு, கணினிப் பயிற்சி, நேர்காணலில் நடந்துகொள்ளும் முறை என விடைகளும் பல வருகின்றன. இவற்றை யாம் இகழவில்லை. ஆயினும் இவற்றிற்கெல்லாம் அடிநிலையாக நிற்கும் திறங்கள் வேறு உள. அவற்றை உடையாரையே உலகம் திறனற்றவர் என்று அழைக்கின்றது என்பது எம் கருத்து.

தேனி மாவட்டத்துப் பொட்டிபுரம் 2015ஆம் ஆண்டு ஜனவரியில் நாடறிந்த ஊராயிற்று. அவ்வூர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க நடுவணரசு அப்பொழுது ஒப்புதல் அளித்தது. மக்களின் எதிர்ப்பும் வழக்குகளும் தொடர, அக்கூடம் இன்றுவரை எழவில்லை. மலையின் வயிற்றுள் தேடவிருந்த அறிவைக் குறித்துப் பக்கம் பக்கமாக எழுதப்பட்டது. அம்மலைத் தொடரின்மேல் ஏலத்தோட்டங்களில் நாள்தோறும் தொழிற்படும் அறிவைக் குறித்து எழுதுவாரோ அரியர்.

போடிநாயக்கனூரிலிருந்தும் சுற்றூர்களிலிருந்தும் பெண்கள் பலர் விடியுமுன் சோறு கட்டிக்கொண்டு, ஜீப்பேறி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்களுக்குச் செல்கின்றனர். ஏலச்செடியின் சரங்கள் தூரடியில் தரையோடு படர்வன. ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் உடனிருக்கும். பிஞ்சைப் பறித்தால் உலருங்கால் சுருங்கும். மிகப் பழுக்க விட்டால் வெடிக்கும். இரண்டிற்கும் இடைப்பட்ட காயை மட்டும், பூவிற்கு ஊறு நேராமல், மழையிலும் அட்டைக்கடியிலும் குனிந்தபடியே கொய்தல் வேண்டும். தக்கதைத் தெரிதல், தகாததை விட்டுவைத்தல், இவ்விரண்டையும் விரைந்து செய்தல் ஆகிய இம்மூன்றும் திறன் அல்லவாயின், வேறெதனைத் திறன் என்பது?

பறித்த காய் உலர்கூடத்திற்குச் செல்லும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்து ஒரு கிலோவாகும். சூடு மிகுந்தால் பசுமை நிறம் கெடும்; குறைந்தால் ஈரம் நின்று பூஞ்சணம் பற்றும். ஆதலின் அங்கே ஒருவர் கண்ணயராது சூட்டைக் காத்தல் வேண்டும். பின்னர்க் காய்களைப் பொறுக்கிச் சலித்து, மில்லிமீட்டர் கணக்கிற் பருமன் பிரிப்பர். முடிவில், போடியிலும் புற்றடியிலும் உள்ள நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னேல மையங்களில் வணிகர் மாதிரிக் காயைக் கையிலேந்திப் பார்த்து விலை கேட்பர். மலையில் ஒரு கை செய்த பிழை அங்கே விலைக் குறைவாய் வெளிப்படும். தன் வேலை அடுத்தவர் வேலைக்கு அடிப்படை என்றுணர்ந்து செய்தலே கூட்டுப்பணிக்கு உயிராவது.

“இது வெறும் பழக்கம், திறன் அன்று” என்பாரும் உளர். வைத்தியர் நாடி பார்ப்பதும் பழக்கத்தால் வந்ததன்றோ? இடுக்கி உழவர் செபாஸ்டியன் ஜோசப் தம் தோட்டத்துச் செடிகளை ஆண்டுக்கணக்கில் உற்றுநோக்கித் தேர்ந்தெடுத்ததே ‘ஞள்ளானி’ என்னும் ஏலவகை. அது மலையெங்கும் பரவி விளைச்சலைப் பெருக்கிற்று. பழகிய கண்ணே அதனைக் கண்டுபிடித்தது.

2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு, தொழிலுக்கு வேண்டும் திறனைத் திறனற்றது, ஓரளவு திறனுடையது, திறனுடையது, மிகுதிறனுடையது என நால்வகையாகப் பகுத்து நோக்குகின்றது. எவ்வகைப் பெயரோ அவ்வகைக் கூலி. கற்றோராகிய நாம் காய் பறிப்பாரைச் சிறிதும் எண்ணிப்பாராது முதல் வகையில் நிறுத்திவிடுகின்றோம்.

ஆகலின் தொழில் அறிந்திருத்தல் மட்டும் போதாது. அதன் மதிப்பை எடுத்துரைக்கும் ஆற்றலும் வேண்டற்பாலது. 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள், சங்கத் தலைவர்களை விலக்கி, ‘பெம்பிளை ஒருமை’ எனத் தாமே திரண்டனர். குறைக்கப்பட்ட போனஸை மீண்டும் 20 விழுக்காடாகப் பெற்றே வேலைக்குத் திரும்பினர். தம் உழைப்பின் கணக்கை அறிதலும், அதனை அஞ்சாது பேசுதலும், ஒருவரையொருவர் கைவிடாமையும் அவர் நமக்குக் காட்டிய திறங்களாம்.

மாணவ நண்பர்காள்! ஆங்கிலமும் கணினியும் கற்போம். அவற்றோடு, கூர்ந்து நோக்கும் கண்ணையும், காலம் தவறாமையையும், அடுத்த கையை நினைந்து செய்யும் பொறுப்பையும் அம்மலைத் தொழிலாளரிடம் கற்போம். நாளை நம்மிற் சிலர் அலுவலகத்தில் அமர்ந்து கூலிப்பட்டியல் எழுதுவோம். அன்று ‘திறனற்றார்’ என்னும் நிரலில் ஒரு பெயரைப் பொறிக்குமுன், அவர் வேலையை ஒரு நாளேனும் நம்மாற் செய்ய இயலுமோ என்று நம்மையே வினவுவோமாக.